ஆயக்கட்டு இல்லாத ஏரி

கூடலூர் பேருந்தில் ஊட்டி வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "ஏரிக்கு எப்படிப் போகணும்?" என்பதுதான். கடைக்காரர்கள் தலையைத் தூக்காமலே கை காட்டுவார்கள். ஆனால் கேட்கிறவர் நிற்பதே ஏரிக்குள்தான். இருநூறு ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட ஏரியின் நீர் இன்றைய பேருந்து நிலையத்தையும் அதற்குக் கிழக்கே குதிரைப் பந்தய மைதானத்தையும் மூடியிருந்தது. படகு விடுவதற்கு மிஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர்.

எங்கள் ஓவேலியில் ஏரி கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூடலூருக்குத் தெற்கே, நடுவட்டம் மலைச்சுவருக்குக் கீழே கிண்ணம்போல் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. மழை கொட்டும் ஊர். விழுந்த தண்ணீர் ஓடைகளாக இறங்கிப் பாண்டியாறாகச் சேர்ந்து, கேரளத்துக்குள் புகுந்து, சாலியாற்றில் கலந்து பேப்பூரில் அரபிக் கடலைத் தொட்டுவிடும். ஆகவே தண்ணீரைத் தண்ணீராக மட்டும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். பள்ளிச் சுற்றுலா, கல்யாணமான புதிதில் ஒரு நாள், ஊரிலிருந்து உறவுக்காரர் வந்தால் ஒரு நாள் என்று எல்லாப் பயணமும் பைக்காரா படகுத்துறையிலோ ஊட்டி ஏரியிலோ முடியும். ஊட்டி ஏரியின் கதையைத் துருவிப் பார்க்க எனக்குத் தோன்றியதற்கு இந்தப் பயணங்களே காரணம். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. சமவெளித் தமிழன் ஏரி என்று எதைச் சொல்கிறானோ, அந்தப் பொருளில் இது ஏரியே இல்லை.

சமவெளியில் ஏரி என்றால் கரை, மதகு, கலிங்கு, ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததுதான். அதுவும் மனிதன் வெட்டியதுதான். இயற்கை ஏரி என்று தமிழ்நாட்டில் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே அதை நம்பி நிலம் இருந்தது. நிலம் வைத்திருந்தவன் மதகைத் திறக்க நீர்க்கட்டியை வைத்தான், கோடையில் வண்டல் வெட்டி வயலுக்கு அடித்தான், கரை உடைந்தால் மண் சுமந்தான். குடிமராமத்து என்ற சொல்லுக்குள் இருப்பது தர்ம சிந்தனை மட்டுமல்ல, பங்குக் கணக்கும்தான். ஊட்டி ஏரிக்கு அப்படியொரு பங்காளிக் கூட்டம் ஒருநாளும் அமையவில்லை. அதன் பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதிக்கு இந்த ஒன்றே விளக்கம் என்று நினைக்கிறேன்.

ஏரிக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நீலகிரி மேட்டுநிலத்தில் மலைமுகடுகள் மழுங்கிய உருண்டைகள். அவற்றின் மடிப்புகளில் காற்றுப் படாத இடத்தில் குட்டை மரங்கள் அடர்ந்த சோலை, சரிவெங்கும் புல், அடியில், இரண்டு சரிவும் சந்திக்கும் இடத்தில் சதுப்பு. கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கும் கருஞ்சேறு. மழைக்காலத்தில் குடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மார்ச் மாதத்திலும் ஓடையை ஓட வைப்பது அந்தச் சேறுதான். தோடர்களின் எருமைகளுக்குக் கோடை மேய்ச்சலும் அங்கேதான். தோடர் கோயில்களின் கூரைக்கு வேயும் புல் கூடச் சதுப்பில் மட்டும் விளைவது. சதுப்பு வற்றிய மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், அந்தப் புல்லுக்காக வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

அந்தக் கருஞ்சேற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது ஒரு ஆவணக் காப்பகம். குளிரிலும் நீரிலும் மூழ்கிக் கிடப்பதால் செத்த புல்லும் இலையும் முழுக்க மக்காமல் ஆண்டுக்காண்டு படிந்து கரிமண்ணாகிக் கிடக்கின்றன. 1993-இல் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலிய அறிவியலாளர்கள் நீலகிரிக் கரிமண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் ஊட்டிக்கு மேற்கே உள்ள சாண்டிநல்லா சதுப்புக்கு முக்கிய இடம் உண்டு. செய்முறையின் அடிப்படை எளிது. சோலை மரங்களும் வெப்பமண்டலப் புற்கள் பலவும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் வழி வேறு வேறு. அதனால் அவற்றின் உடலில் சேரும் கார்பன்-13 என்ற கனத்த கரியின் விகிதமும் வேறுபடும். எந்த ஆழத்து மண்ணில் எந்த விகிதம் என்று அளந்தால், அந்தக் காலத்தில் புல் மிகுந்திருந்ததா மரமும் ஈரச் செடியும் மிகுந்திருந்தனவா என்று படித்துவிடலாம். ஆழத்தின் வயதைக் கதிரியக்கக் கார்பன் சொல்லும்.

படித்ததில் தெரிந்தது இது. சுமார் 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியுகத்தின் உச்சியில் இருந்தபோது, நீலகிரி வறண்டு புல் பரந்து கிடந்தது. பிறகு தென்மேற்குப் பருவமழை வலுத்து ஈரம் உச்சத்தைத் தொட்டது. அதன் பின் மறுபடி ஒரு வறட்சி. மொத்தத்தில் புல்வெளியும் சோலையும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் விட்டுக்கொடுத்தும் வந்திருக்கின்றன. இது வெறும் பழங்கதை இல்லை. மேய்ச்சலுக்காகக் காட்டை எரித்ததால்தான் இந்த மலைகள் மொட்டையாயின என்றொரு கருத்து வெகுகாலம் இருந்தது. மொட்டை மலை என்றால் அதில் மரம் நடுவது புண்ணியம். சதுப்பு என்றால் அதை வடிப்பதோ மூழ்கடிப்பதோ முன்னேற்றம். 1843-இல் வந்திறங்கிய தைல மரமும், சீகை மரமும் அந்தப் புண்ணியக் கணக்கில்தான் புல்வெளிகளில் ஏறின. தனக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்று சேற்றுக்குத் தெரியாது. பெயர் வைத்தவர்கள் வைத்த பெயர் 'தரிசு'.

இந்த இடத்துக்குத்தான் ஜான் சல்லிவன் வந்தார். கோயம்புத்தூர் கலெக்டர். 1819-இல் மலையேறியவர், முதலில் கோத்தகிரிப் பக்கம் கண்ணேரிமுக்கில் வீடு கட்டிவிட்டு, 1822 வாக்கில் ஊட்டியில் கல் பங்களாவை எழுப்பினார். உருளைக்கிழங்கும் ஐரோப்பியக் காய்கறிகளும் இந்த மலையில் வேர்பிடித்ததில் அவர் பங்கு பெரிது. தோடர்களுக்கு நிலத்தில் உரிமை உண்டு என்று தம் மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றதும் அவர்தான். அந்தக் காலத்துக் கலெக்டர்களில் அது அரிது. அதே சல்லிவன்தான் 1823-க்கும் 1825-க்கும் இடையில் ஊட்டிப் பள்ளத்தாக்கின் ஓடைகளை மேற்குக் கோடியில் கரை போட்டு மறித்தார். சதுப்பு மூழ்கி ஏரி எழுந்தது. மீன் பிடிக்கவும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் படகில் போகவும் அது பயன்பட்டது என்கிறது மாவட்ட நிர்வாகத்தின் குறிப்பு. கரை மூன்று முறை உடைந்து ஏரி காலியானதாகவும் அதே குறிப்பு சொல்கிறது. சமவெளியில் மூன்று முறை உடைந்த ஏரிக்கு ஒரு கன்னித்தெய்வமாவது காவலுக்கு வந்திருக்கும்.

மலைவாசத்தலம் அமைத்த ஆங்கிலேயர்கள் எங்கே போனாலும் ஒரு சதுப்பைத் தேடிப் பிடித்து அணைத்திருக்கிறார்கள். 1863-இல் கொடைக்கானலில், மதுரையின் முன்னாள் கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்சு ஓடைகளை மறித்து ஏரி கட்டினார். 1873-இல் இலங்கை நுவரெலியாவில், ஊருக்குக் கீழே கிடந்த சேற்று நிலத்தில் தலகல ஓடையை மறிக்க ஆளுநர் வில்லியம் கிரகரி அனுமதித்தார். அந்த ஏரி இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஓவேலிக்காரர்களுக்கு இந்தக் கடைசி ஏரி அந்நியம் இல்லை. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் ஆயிரக்கணக்கில் கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறினார்கள். இவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே அரசு தேயிலைத் தோட்டம் 1968-இல் தொடங்கியது. பின்னாளில் அதுவே டான்டீ. அந்தத் தலைமுறையில் சிலர் ஊட்டி ஏரியை 'வாவி' என்றுதான் சொல்வார்கள். இலங்கைத் தமிழில் வாவிக்கு வயல் வேண்டியதில்லை. ஊட்டி ஏரிக்கு உண்மையில் பொருந்துகிற சொல் அதுதான் போலும்.

இங்கிலாந்தின் ஏரிக்கரை ஒன்றை நினைவில் வைத்துக் கட்டியதால், நினைவில் இருந்த மீன்களும் வேண்டியிருந்தன. மேட்டுநில ஓடைகளில் தூண்டில் போடத் தக்க மீன் இல்லை. 1860-களில், தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் மெக்ஐவரின் முயற்சியால் ஐரோப்பிய மீன்கள் கப்பலில் வந்து சேர்ந்தன. கொய்னா மரத்தை இந்த மலையில் பயிராக்கியவரும் இதே மெக்ஐவர்தான். நடுவட்டத்தில் இன்று தேயிலை நிற்கும் சரிவுகளில் அன்று மலேரியாவுக்கு மருந்து விளைந்தது. டிரவுட் மீனுக்காக 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை 1939-இல் ஊட்டி ஏரிக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கிருந்து இந்தியாவின் பிற நீர்நிலைகளுக்குப் பரவியது. சேற்றைக் கிளறித் தின்னும் மீன் அது. டிரவுட்டுக்குத் தெளிந்த குளிர்நீர் வேண்டும். கெண்டைக்குக் கலங்கல் போதும். ஏரியில் நிலைத்தது எது என்பதிலேயே ஏரியின் கதை இருக்கிறது.

கலங்கியது எப்படி என்று சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. ஊர் வளர்ந்தது. கிழக்கே மேட்டிலிருந்து கடைத்தெரு வழியாக இறங்கும் கோடப்பமந்து கால்வாய்தான் ஏரிக்கு உணவு. ஒரு தோடர் மந்தின் பெயரைச் சுமந்து வரும் அந்த ஓடையில் சந்தைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. சரிவுகளில் புல்லை எடுத்துவிட்டு உருளையும் கேரட்டும் போட்டதால் ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்கியது. சமவெளி ஏரியில் வண்டல் என்பது உரம். வண்டி கட்டிக்கொண்டு வந்து அள்ளுவார்கள். இங்கே அள்ளிக்கொண்டு போக வயல்காரன் இல்லை. தலைப்பக்கம் தூர்ந்து தரையாயிற்று. தரை கிடைத்தால் ஊருக்குத் தேவையா இல்லை? ஏரியின் குறுக்கே போட்ட கரைக்குக் கிழக்குப்புறம் வடிக்கப்பட்டு மைதானமாயிற்று. சென்னை ஆளுநராக இருந்த ஹோபர்ட் பிரபுவின் பெயர் அதற்கு. பந்தயக் குதிரைகள் வந்தன. 1899-இல் குன்னூர் வரை வந்து நின்றிருந்த மலை ரயில் 1908-இல் ஊட்டிக்கு நீண்டு, ஏரியின் ஓரத்திலேயே நிலையம் கொண்டது. பின்னர் பேருந்து நிலையம்.

1973-இல் சுற்றுலாத் துறையின் சார்பில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஏரியை எடுத்துக்கொண்டது. படகுக் குழாம், சிறுவர் ரயில், மே மாதப் படகுப் போட்டி என்று இன்று நாம் அறிந்த ஏரி அதிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்பே தமிழ் சினிமா ஊட்டியைக் காதலின் தலைநகரமாக்கிவிட்டது. 1967-இல் வந்த ஒரு படத்தின் தலைப்பே 'ஊட்டி வரை உறவு'. ஆகாயத்தாமரையை ஓரமாக ஒதுக்கிவிட்டு மிதிபடகு போய்க்கொண்டிருந்தது. தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் ஊட்டி ஏரி இடம்பெற்றது, தூர்வாரினார்கள், செடி அகற்றினார்கள். செய்யாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் படகுச் சீட்டு வாங்குகிறவர் அரை மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுகிறார். அடுத்த ஆண்டு தண்ணீர் எப்படி இருக்கும் என்பது அவர் கவலை இல்லை. ஆயக்கட்டுக்காரனுக்கும் சுற்றுலாப் பயணிக்கும் இதுதான் வித்தியாசம். பயணியைக் குறைசொல்லிப் பயனில்லை. நானும் பல முறை அந்தப் படகில் போனவன்தான்.

சரி, ஏரிக்கு ஆயக்கட்டே இல்லையா? கலிங்கு தாண்டிய தண்ணீரின் பின்னால் போய்ப் பார்த்தால் ஆயக்கட்டு தெரிகிறது. ஏரியிலிருந்து வழியும் நீர் காந்தல் வழியாக மேற்கே போய், கரிமண் ஆய்வு நடந்த அதே சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கில் காமராஜ் சாகர் அணையில் சேர்கிறது. அங்கிருந்து சீகூர் ஆறாக வடக்கே மலைச்சுவரில் விழுந்து, மசினகுடிப் பக்கத்துக் காய்ந்த முட்காட்டுக்குள் நுழைகிறது. மேட்டில் பெய்யும் அளவு மழை அந்தக் காட்டுக்கு இல்லை. அங்குள்ள இருளர், குறும்பர் குடியிருப்புகளுக்கும், கால்நடைக்கும், முதுமலைக்கும் கிழக்கு மலைத்தொடருக்கும் இடையே போய்வரும் யானைகளுக்கும் கோடையில் அந்த ஆறுதான் தண்ணீர். யானை வழித்தடத்தில் விடுதி கட்டக் கூடாது என்ற அரசின் நிலையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வழியைக் காத்த வழக்கில் வழியில் ஓடும் தண்ணீர் பேசப்பட்டது குறைவு. கீழே நீர் இறைக்கிறவர்களை மேலே யாரும் ஏரியின் பங்காளிகளாகக் கூப்பிட்டதில்லை. ஏரிக்கூட்டத்தில் கடைமடைக்காரனுக்கு நாற்காலி போடாத ஊர் சமவெளியில் இருந்தால் அங்கே வெட்டுக்குத்து நடந்திருக்கும்.

இதனோடு பைக்காராவை வைத்துப் பார்க்கலாம். எங்களுக்கு அதுதான் பக்கம். முக்குருத்தியின் அடியில் பிறக்கும் பைக்காரா தோடர்களுக்குத் தெய்வ நதி. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலில், தோடர் அதனைக் கடப்பதில் கொண்டிருந்த கட்டுப்பாடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1929-இல் வேலை தொடங்கி, 1932-இல் அந்த நதி சிங்காராவில் மின்சாரமாயிற்று. மேட்டுநிலத்திலிருந்து குழாயில் ஏறத்தாழ 3,000 அடி செங்குத்தாக இறங்கிச் சுழலியை அடிக்கும் தண்ணீர். அந்நாளில் உலகின் மிக உயர்ந்த வீழ்ச்சிகளில் ஒன்று. கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகள் முப்பதுகளில் பெருகியதற்கு அங்கிருந்து போன மின்கம்பியும் ஒரு காரணம். அதாவது பைக்காராவுக்கு ஆயக்கட்டு உண்டு. அது மலைக்குக் கீழே சமவெளியில் ஓடிய தறியும் நூற்புக்கதிரும். மின்வாரியத்துக்குத் தண்ணீரின் ஒவ்வொரு அடியும் காசு என்பதால் அணையில் வண்டல் சேர்ந்தால் கேட்க ஆள் இருக்கிறது. படகுச் சவாரி அங்கே உபரி. கோடையில் நீர்மட்டம் இறங்கி, கரையைச் சுற்றிச் செம்மண் விளிம்பு வளையமாகத் தெரியும்போது சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த வளையம் பிடிக்கும். இந்தத் தண்ணீர் யாருக்கோ வேலை செய்துவிட்டு வந்திருக்கிறது என்று அது சொல்கிறது. ஏரி உழைப்பதால் தோடருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அந்த வளையத்தால் பதில் சொல்ல முடியாது.

ஓவேலிக்கும் ஓர் ஏரி வந்திருக்கும். பாண்டியாறு–புன்னம்புழாத் திட்டம் என்று ஒன்று பல பத்தாண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. மேற்கே ஓடும் பாண்டியாற்றை மறித்து, மின்சாரம் எடுத்து, தண்ணீரைக் கிழக்கே மாயாற்றுப் பக்கம் திருப்புவது யோசனை. கேரளத்தோடு இணக்கம் ஏற்படாததால் நின்றது. நின்றது நல்லதா கெட்டதா என்பதில் பவானி ஆயக்கட்டு விவசாயியும் நிலம்பூர்க்காரரும் நானும் மூன்று பதில் சொல்வோம். ஏனென்றால் ஓவேலியில் நிலம் என்பதே சிக்கல். 1840-களில் ஜேம்ஸ் ஆக்டர்லோனி நிலம்பூர்க் கோவிலகத்திடம் காட்டைப் பெற்றுக் காப்பி போட்டார். அவர் பெயரின் முதல் எழுத்தும் பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்ததுதான் ஓவேலி. அதற்கு முன் அங்கே பணியரும் காட்டுநாயக்கரும் என்ன பெயர் வைத்திருந்தாலும் சர்வே வரைபடத்தில் அது ஏறவில்லை. 1969-ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் குடியிருப்பவர்களுக்கு மின் இணைப்புக்கும் பட்டாவுக்கும் அலைச்சல் இன்னும் தீரவில்லை. கூடலூர்க் காடு அழிவதைக் கண்டு அதே கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-இல் அந்த வழக்கில் வந்த உத்தரவுதான் 'காடு' என்ற சொல்லுக்கு நாடு முழுவதும் பொருளை விரித்தது. ஒரு சொல்லின் பொருள் மாறினால் எத்தனை வீட்டில் விளக்கெரியாது என்பதை எங்கள் ஊர் அறியும். ஊட்டியில் 'சதுப்பு' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு வழக்கும் நடக்கவில்லை.

2024-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மலை எத்தனை வண்டி தாங்கும் என்ற கேள்வி முதல்முறையாகக் கணக்கு வழக்கோடு எழுந்தது. அடுத்தது ஜூன் மாதம். குத்தகைப் பாக்கி பல நூறு கோடி என்று சொல்லிப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டு தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தது. சூழல் பூங்கா வரும் என்றார்கள். பூங்காவின் வரைபடத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, அந்த நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதில் எனக்கு ஆர்வம். குதிரைகள் ஓடிய புல்லுக்குக் கீழே ஏரி வண்டல். வண்டலுக்குக் கீழே, எங்கேனும் தோண்டப்படாமல் மிச்சமிருந்தால், கருஞ்சேறு.

தண்ணீர் தன் பழைய அளவை மறக்கவில்லை. கனமழை வந்தால் கோடப்பமந்து கால்வாய் நிரம்பி, மைதானத்தில் ஏறி, ரயில் பாலத்தின் அடிப் பாதையை மூழ்கடித்து, பேருந்து நிலையத்தின் பக்கம் எட்டிப் பார்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அதில் பாதி இந்தப் பக்கம் பெய்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட ஒரு மழை நாளில், கூடலூர் வண்டிக்காக முழங்கால் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், "ஏரிக்குப் போகணும்னு டிக்கெட் எடுத்தோம், ஏரியே வந்திருச்சு" என்றார். சிரித்தோம். வண்டி வந்தது.